கடலுக்குப் போகும் வழியில் கோகிலாவின் தெரு

எங்கள் கார் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தது. மதுரையில், புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பகுதி. பாதி வீடுகளுக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. என் வீட்டுக்காரர் இறங்கிப் போய்ப் பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். உள்ளே குனிந்து பார்த்தார்.

"சூடாயிருச்சு டீச்சர். சித்த நேரம் ஆறட்டும்" என்றார்.

எஞ்சின் சூடாகவில்லை. பக்கத்திலிருந்த ஓட்டலில் அரை மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தோம். நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். வெயிலில் காய்ந்த சிமெண்டு வாசனை வந்தது.

மரத்திலிருந்து எண்ணினால் எட்டாவது வீடு. பச்சைக் கதவு. முன்புறக் கொடியில் ஒரு பவானி ஜமக்காளம் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் பட்டை போட்டது. மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது நான் வாங்கிக் கொடுத்தது அது. ஒரு ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தடம் இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து அது தெரியாது. ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

"அந்த ஊடுதானுங்களே?" என்று கேட்டேன்.

"எந்த ஊடு?"

"பச்சைக் கதவு."

"எனக்கென்ன தெரியும்" என்றார். ரேடியேட்டர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே பளபளவென்று இருந்தது.

எங்கள் மூத்த மகள் கோகிலா அந்த வீட்டில் குடியிருந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்களைக் கேட்காமல், வேறு சாதியில், தானாகச் செய்துகொண்ட கல்யாணம். ஏழு மாதமாக நாங்கள் அவளைப் பார்க்கவில்லை. முதல் கடிதத்துக்கு அப்புறம் அவள் எழுதிய மூன்று கடிதங்களையும் அவர் என் எதிரில் பிரித்ததில்லை. வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். ஆனால் யாரிடமும் வழி கேட்காமல் அந்தத் தெருமுனைக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

பத்து நிமிடம் நின்றோம். கதவு திறக்கவில்லை. அவர் பானட்டை இறக்கி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மூடினார்.

"வாரப்ப பாத்துக்கலாம்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி போன மாதம் எழுதியிருந்தார். "பட்டறையைப் பற்றி எழுதுகிறீர்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். பெற்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?" என்று கேட்டிருந்தார். அன்று நான் தலையை ஆட்டியதுதான் காரணம். அதைச் சொல்லாமல் என் பிள்ளைகளைப் பற்றி வேறெதையும் எழுத வரவில்லை.

ஆறட்டும்

அவருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய வார்ப்படப் பட்டறை. மோட்டார் பம்பு செட்டுகளுக்கு மேல்கூடு வார்த்துக் கொடுப்பார்கள். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றியதும் அதைத் தொடக்கூடாது. அது தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டு அச்சை உடைத்தால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே மயிரிழை போல விரிசல் ஓடியிருக்கும். ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒரு கிணற்றடியில் அது வெடிக்கும்.

இருபது வருடம் அந்த வேலையைச் செய்த மனிதர் வீட்டிலும் அதையே செய்தார். கிணற்றுப் பாத்தியதையில் பங்காளிகளுடன் தகராறு வந்தபோது "ஆறட்டும்" என்றார். அது ஆறியது. எனக்கு மாற்றல் உத்தரவு வந்து நான் அழுதுகொண்டிருந்தபோது "ஆறட்டும் டீச்சர்" என்றார். அதுவும் எப்படியோ ஆறிப்போனது. வாழ்க்கையில் பாதி விஷயங்கள் சும்மா விட்டாலே சரியாகிவிடுகின்றன. மீதிப் பாதியை அவர் பார்க்கவேயில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கோகிலா மதுரையில் எம்.எஸ்ஸி. படித்தாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு எங்களுக்குக் கடிதம் எழுதினாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே டியூஷன் எடுப்பதாகவும் எழுதியிருந்தாள்.

அந்த முதல் கடிதத்தை நான்தான் பிரித்தேன். அன்றைக்கே பஸ் ஏறிவிடுவதாகச் சொன்னேன்.

"சூட்டுல தொட்டா விரிஞ்சுபோகும். ஆறட்டும்" என்றார்.

நான் போகவில்லை. என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. கடிதத்தில் அந்தப் பையன் என்ன சாதி என்றுதான் என் கண் முதலில் தேடியது. அவனுக்கு என்ன வயது, என்ன குணம் என்பதெல்லாம் அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் நான் புவியியல் டீச்சர். "எதையும் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று நாற்பது பெண்களுக்குத் தினமும் சொல்கிறவள். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் என் மகளைப் போய்ப் பார்க்கவில்லை.

பெரியவர் கேட்டது

அவருடைய அண்ணனை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். கெட்ட மனிதர் அல்ல. கோகிலாவுக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவர் சொன்னதைத் தட்டிவிடுவது எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மோர் குடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"சின்னவளுக்கு வந்திருக்கற எடம் நல்ல எடம். பையன் தங்கம். அவுங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. மூத்தவள முழுகியாச்சான்னு."

அதாவது, சொல் கேட்காமல் போன பிள்ளையைச் செத்துப்போனதாக வைத்து, பெற்றவர்களே தண்ணீரில் இறங்கித் தலை முழுகி எழுந்து வருவது. அதற்கப்புறம் அந்தப் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பேரூர் நொய்யல் கரைக்கோ, பவானி கூடுதுறைக்கோ போவார்கள். உண்மையான சாவுக்குப் போவது போலவே போவார்கள். கருமாதிக் கடிதம் அடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவதும் உண்டு.

எங்கள் சின்ன மகள் சுதா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அவன் போட்டோவைப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

அவர் அண்ணனின் காலிச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "பேரூர்ல வேண்டாமுங்கண்ணா. ஊரே வந்து பாக்கும். ராமேஸ்வரம் போயிக் கடல்லயே முழுகிட்டு வந்தர்றமுங்க" என்றார்.

பெரியவருக்குத் திருப்தி. "கடலா? அதுக்கு மேல என்ன தீர்த்தம் இருக்குது? அமாவாசைக்குப் போய்ச் சேந்துருங்க. கார்டை நான் பாத்துக்கறேன்" என்றார்.

கடைசியில் பெரியவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் அதை யோசிக்கவில்லை.

சந்தை நாள்

அமாவாசை சனிக்கிழமை. ஒரு நாளில் போய்விடக்கூடிய தூரத்துக்கு வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டோம். சுதாவுக்குத் துணையாகப் பெரியவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். "மெதுவா போலாம்" என்றார் அவர். மெதுவாகத்தான் போனோம்.

பொள்ளாச்சியில் அன்று மாட்டுச் சந்தை. எங்களுக்கு மாடு எதுவும் கிடையாது. ஆனாலும் காரை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு காளையாக நின்று பார்த்தார். ஒரு தரகர் பொறுமையிழந்து, "ஏனுங்க, வாங்கறதுக்கா, சும்மா பாக்கறதுக்கா?" என்று கேட்டார்.

"பாக்கறதுக்குத்தானுங்க."

"நல்லாப் பாருங்க. மாடும் உங்களப் பாத்துட்டுத்தான் இருக்குது" என்றார் தரகர்.

உடுமலைப்பேட்டை தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரமாக இளநீர் குடிக்க நிறுத்தினோம். அவர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நான் முழுகப் போறதில்ல டீச்சர்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"போவோம். கடலப் பாப்போம். வருவோம். அண்ணங்கிட்ட ஆச்சுன்னு சொல்லிப்போட்டாப் போகுது. கடலு வந்து சாட்சி சொல்லுமா என்ன?"

நான் அழுதேன். இளநீர்க்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதில்லை. போனதெல்லாம் கோயில், துக்கம், கல்யாணம்தான். பின் சீட்டு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இப்போது பின் சீட்டில் ஒரு தண்ணீர்க் கேனும் ஆயக்குடிக் கொய்யாப்பழமும்தான் இருந்தன. நான் பழத்தை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுக்க, அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே சாப்பிட்டார். பழனியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். பட்டறை ஆட்கள் ஒவ்வொருவரும் எப்படி நடப்பார்கள் என்று அந்தச் சின்ன அறையில் நடந்து காட்டினார். அவருக்கு அது வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை திண்டுக்கல் தாண்டியதும் நான் கேட்டேன். "போறப்பவே கோகிலாகிட்டச் சொல்லிட்டுப் போயிரலாமுங்களே?"

அவர் யோசித்துத்தான் வைத்திருந்தார். "போறப்ப சொன்னா அது வெறும் பேச்சு டீச்சர். கடலப் பாத்ததும் நம்ம மனசு மாறாதுன்னு அவ எப்படி நம்புவா? போயிட்டு, முழுகாம வந்து நின்னா, அது செஞ்ச காரியம். அப்ப அவ நம்புவா."

சரி என்றுதான் பட்டது. இன்றைக்கும் அதில் என்ன தப்பு என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. ஆனால் அதற்குள் ஒரு பயமும் இருந்தது. ஏழு மாதம் கழித்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டால், திரும்பிப் போய் அண்ணனிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று மத்தியானம்தான் அந்தப் புளியமரத்தடியில் நின்றோம். பத்து நிமிடம். இரண்டு நாளில் மாட்டுச் சந்தையிலும், கொய்யாப்பழக் கூடைக்காரியிடமும், மானாமதுரைப் பானைக் கடையிலும் அதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறோம்.

குளம் போல ஒரு கடல்

நாற்பத்தாறு வயதில் நான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தேன். கடல் நீரோட்டங்களைப் பற்றி எத்தனையோ வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். பாம்பன் பாலத்தின் மேல் காரை மெதுவாக ஓட்டினார். இரண்டு பக்கமும் தண்ணீர். காற்றில் கார் லேசாக ஆடியது. நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

அமாவாசைக் கூட்டம். அக்னி தீர்த்தக் கரையில் அலையே இல்லை.

"இதுக்கா இத்தன வருசம் பாடம் நடத்துன? நம்மூர்க் கொளமே இதவிடத் தேவலாமே" என்றார்.

"தீவு மறைச்சிருக்குதுங்க. அந்தப் பக்கம் போனா அலை இருக்கும்" என்றேன். அவர் மாணவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

கரையோரமெல்லாம் ஈரத்துணிகள் கிடந்தன. முழுகி எழுந்தவர்கள் கழற்றி விட்டுப்போன வேட்டிகளும் சேலைகளும். கால் வைத்தால் சேற்றோடு சேர்ந்து அமுங்கின. ஒரு சின்னப் பாவாடை காலில் சுற்றிக்கொண்டது. அதை எடுத்துப் பிழிந்து ஒரு கல்லின் மேல் போட்டேன்.

அமாவாசை என்பதால் அவர் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். ஐயர் அவசரமாகச் சொல்லிக்கொடுத்தார். முடித்துவிட்டு, "வேற யாருக்காவது உண்டா? சமீபத்துல தவறினவா?" என்று கேட்டார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். "இல்லீங்க. எங்க ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்க."

அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே அவ்வளவு தூரம் வந்தது போல இருந்தது.

மறுநாளே கிளம்பியிருக்கலாம். "இன்னொரு நாள் இருந்துட்டுப் போலாமுங்க" என்று சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தீவின் அந்தப் பக்கம் போய் மணலில் உட்கார்ந்திருந்தோம். நிஜ அலை வந்து காலை நனைத்தது. வீட்டுக்குப் போன் செய்யவில்லை. செய்தால் பெரியவர் எடுப்பார், பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதை இன்னொரு நாள் தள்ளிப்போட்டோம்.

போனில் சுதா

திங்கட்கிழமை காலை, பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குள் போனேன். அவர் வெளியே கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல வேளையாகச் சுதா எடுத்தாள்.

"அம்மாவா? எங்கம்மா போனீங்க? போனே பண்ணல?"

"இன்னிக்கு வந்தர்றோம் கண்ணு. பெரியப்பா எங்க?"

"தோட்டத்துக்குப் போயிருக்காருங்க." அவள் குரல் தணிந்தது. "அம்மா, கார்டெல்லாம் போயிருச்சுங்க."

"என்ன கார்டு?"

"அக்கா கருமாதிக் கார்டு. நீங்க கெளம்புன அன்னிக்கே அச்சாபீசுல இருந்து வந்துருச்சு. அன்னிக்கே பெரியப்பா எல்லாத்தையும் தபால்ல போட்டுட்டாருங்க."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குமுங்க. அக்காளுக்கும் ஒண்ணு. அவளுக்குத் தெரியோணுமாம். இனிமே கடுதாசி போட மாட்டான்னு சொன்னாரு."

"அவ விலாசம் அவருக்கு எப்படித் தெரியும்?"

பூத்துக்காரப் பெண் கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"சாமி படத்துக்குப் பின்னால கடுதாசி இருந்துதுங்களே. எடுத்துக் குடு கண்ணுன்னாரு. குடுத்துட்டேனுங்கம்மா." பிறகு, "வேணுமுன்னு குடுக்கலீங்கம்மா" என்றாள்.

நான் அவளைத் திட்டவில்லை. இருபது வயதுப் பெண், எதிரில் உட்கார்ந்து கேட்கிற பெரியப்பாவிடம் என்ன சொல்லியிருக்க முடியும்? அவளை அந்த இடத்தில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தோம்.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவர் காரை ஓட்டிய விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பரமக்குடி தாண்டியதும் அவராகச் சொன்னார். "வியாழக்கிழம போட்டா சனிக்கிழம கெடைக்கும். சில சமயம் திங்கக்கிழமையும் ஆகும். இன்னும் வந்திருக்காது."

"ஆமாங்க" என்றேன்.

வாங்க என்று சொல்லாத வாசல்

இந்த முறை காரைப் பச்சைக் கதவுக்கு எதிரிலேயே நிறுத்தினார். கதவைத் தட்டுவதற்கு முன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

கோகிலா திறந்தாள். இளைத்திருந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் எதிரியே வந்தாலும் முதலில் "வாங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அவள் அதைச் சொல்லவில்லை. கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். சாவு வீட்டில் வருகிறவர்களை அப்படித்தான் உள்ளே விடுவார்கள்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தார். சின்ன அறை. டியூஷன் பிள்ளைகளுக்கு ஒரு பெஞ்சு, ஒரு கரும்பலகை. பலகையின் மரச் சட்டத்தில் அந்தக் கார்டு செருகியிருந்தது. சுற்றிலும் கறுப்புக் கோடு போட்ட கார்டு. 'எங்கள் மகள் கோகிலா' என்று ஆரம்பித்தது. கீழே அவளுடைய அப்பாவின் பெயர் அச்சாகியிருந்தது.

கருமாதிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது. நான் அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"உடுங்கம்மா. அது எனக்கு வந்தது" என்றாள்.

அவர் நின்றபடியே பேசினார். ராமேஸ்வரத்திலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "கண்ணு, நாங்க முழுகலை. உங்க தாத்தனுக்கு மட்டும் தண்ணி உட்டேன். ஐயரு வேற ஆராச்சுமான்னு கேட்டாரு. எங்க ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்கறாங்கன்னு சொல்லிப்போட்டேன். வேணுமுன்னா உங்கம்மாளக் கேளு."

"தெரியுங்கப்பா" என்றாள் கோகிலா. "நீங்க செய்ய மாட்டீங்கன்னு தெரியும்."

அவர் முகம் தெளிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். "அதுதான் சாமி. சுதா கல்யாணம் மட்டும் முடியட்டும். அப்பறம்..."

"இப்ப ஊருக்குப் போயிப் பெரியப்பாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

அவர் பெஞ்சில் படிந்திருந்த சாக்பீஸ் தூளைக் கையால் துடைத்தார்.

"ஆச்சுன்னுதானுங்களே?"

"அது ஊருக்குக் கண்ணு. ஒரு பேச்சுக்கு."

"கல்யாணத்துக்கு அப்பறம் சுதாவுக்கு வளைகாப்பு வரும். கொழந்தைக்குக் காது குத்து வரும். அதுக்கெல்லாம் அதே சனந்தானுங்க வரும். ஒவ்வொண்ணு முடியற வரைக்கும் நான் செத்தே இருக்கோணுமுங்களா?"

குரலை உயர்த்தவே இல்லை. 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வெள்ளிக்கிழம மத்தியானம் அந்த மரத்தடியில நின்னீங்க. நான் இங்கதான் நின்னிட்டிருந்தேன். நீங்க பானட்டத் தொறந்ததும் ஒலையில இன்னும் ரெண்டு பேருக்கு அரிசி போட்டேன். அப்பறம் மூடற சத்தம் கேட்டுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெளிய வந்து ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே கண்ணு" என்றேன். இப்படி ஒரு கேள்வியை எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நீங்க வருவீங்கன்னு நின்னேனுங்கம்மா. அடுத்த நாள் தபால்காரர் வந்தாரு."

அன்றைக்கு உள்ளே போயிருந்தால், சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தால், அந்தக் கார்டு வந்தபோது அதைப் பார்த்து அவளும் அவள் வீட்டுக்காரரும் சிரித்திருப்பார்களோ என்னவோ. கோபப்பட்டிருக்கலாம். ஆனால் தபால்காரர் கையிலிருந்து அதை வாங்கி, தனியாக நின்று, தன் பெயரைப் படித்திருக்க மாட்டாள்.

சாப்பிடச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "போயிட்டு வாரோம் கண்ணு" என்றேன். பழக்கத்தில் வாயில் வந்ததுதான்.

"எழவு ஊட்டுல அப்படிச் சொல்லக்கூடாதுங்கம்மா" என்றாள். கோபமில்லாமல், சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னாள். "சொல்லாமயே போங்க."

சொல்லாமலே வந்து காரில் ஏறினோம்.

வாசலில் ஒரு அண்டா

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுதாவின் கல்யாணம் நன்றாக நடந்தது. உறவு முழுக்க வந்தது. இப்போது அவளுக்கு ஒரு பையன். கோகிலாவுக்கு நான் பள்ளிக்கூட விலாசத்திலிருந்து கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மதுரைக்குப் போய்ப் பார்த்தேன். பச்சைக் கதவுக்குப் பின்னால் வேறு குடும்பம் இருந்தது. எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் வேலையை விட்டுப் போய்விட்டதாக மட்டும் சொன்னார்கள். பெண்கள் யாராவது தெருவில் என் மகள் உயரத்தில் நடந்து போனால் நான் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

மதுரையிலிருந்து வீடு வரைக்கும் அவர் காரை எங்கேயும் நிறுத்தவில்லை. டீக்கு நிறுத்தவில்லை, தண்ணீருக்கு நிறுத்தவில்லை. பெட்ரோல் போட ஒரு முறை நின்றதோடு சரி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கேட்டுக்கு வெளியே ஒரு அண்டா நிறையத் தண்ணீர் வைத்திருந்தது. பக்கத்தில் சுதா செம்போடு நின்றிருந்தாள். பெரியவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அங்கியே நில்லுங்க. காரியத்துக்குப் போயிட்டு வந்தவங்க தலைக்கு ஊத்தாம உள்ள வரப்படாது" என்றார்.

நான் என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பர்ஸை எடுத்துக் காரின் மேல் வைத்தார். வாட்சைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். சட்டையோடு போய் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சுதா முதல் செம்பு தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். அடுத்தது என் தலையில். போர்த் தண்ணீர், பகல் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. அண்டா காலியாகும்வரை ஊற்றினாள். எதிர்வீட்டுக்காரர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

"முழுகியாச்சல்ல?" என்று பெரியவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

அவர் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆச்சுங்கண்ணா" என்றார்.

அதற்குள் அது பொய்யாக இல்லை.